வளைவின் மேல் பழி போடாதீர்கள்: கொல்லிமலை இறக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் விழுந்த நிகழ்வு

விபத்து நடந்த வளைவின் எண் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. கொல்லிமலைச் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண்பலகை உண்டு. காரவள்ளி அடிவாரத்துக்கு மேலே ஒன்றில் தொடங்கி எழுபதில் முடியும். எண்ணைச் சொன்னால் அடுத்த வாரமே "அந்த வளைவு டேஞ்சருங்க" என்று பேச்சு கிளம்பிவிடும். அந்த வளைவு ஒரு தப்பும் செய்யவில்லை. ஸ்கூட்டர் விழுந்தது அங்கே, அவ்வளவுதான். விழுவதற்கான ஏற்பாடுகள் ஐம்பது நிமிடம் முன்பே மேலே தொடங்கிவிட்டன. அதில் பாதி, வண்டியை ஓரங்கட்டி நாங்கள் அரட்டை அடித்துக்கொண்டிருந்த இடங்களில் நடந்தது.

அன்று நான் ஸ்வீப், அதாவது வரிசையில் கடைசி வண்டி. எல்லோரையும் பார்த்தபடி வரவேண்டியவன். ஆகவே இது வெளியாள் எழுதும் ஆய்வு அல்ல. என் ஹெல்மெட் கேமராவில் பதிவான நேரங்களை வைத்தும், பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டும் எழுதுகிறேன்.

2023 கார்த்திகையில் ஒரு ஞாயிறு. கரூரிலிருந்து ஒன்பது வண்டி, பன்னிரண்டு பேர். இரண்டு புல்லட், இரண்டு பல்சர், ஒரு ஆர்15, ஒரு டியூக், ஒரு ஸ்ப்ளெண்டர், என்னுடைய ஹிமாலயன், கடைசி நேரத்தில் சேர்ந்துகொண்ட ஒரு 110 சிசி ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் வந்தது ஒரு இளம் தம்பதி. தம்பி ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். அவரிடம் கியர் வண்டியும் இருந்தது. பின்னால் உட்கார வசதி, சாமான் வைக்க இடம் என்று மனைவியின் ஸ்கூட்டரை எடுத்து வந்திருந்தார். "ஸ்கூட்டர்ல மலை ஏறுமாண்ணா?" என்று முந்தின நாள் கேட்டார். "ஏறும்" என்றேன். இறங்குமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி, காரவள்ளி. காலை ஒன்பதுக்குள் முதல் வளைவைத் தொட்டுவிட்டோம். மரநிழலில் ஈரம் காயாமல் இருந்ததால் எல்லோரும் நிதானமாகவே போனார்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் போதும், மலையே வண்டியை நிறுத்திவிடும். பிரேக்குக்கு வேலையே கிடையாது. ஸ்கூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது, ஆனால் ஏறிவிட்டது. மேலே வந்து சேர்ந்ததும் தம்பிக்குக் கைதட்டல். அந்தக் கைதட்டலையும் காரணங்களின் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஏறிய வண்டி இறங்காதா என்ற எண்ணம் அங்கேதான் எல்லோர் மனத்திலும் உட்கார்ந்தது.

மேலே வழக்கமான சுற்று. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன் படம், அறப்பளீசுவரர் கோயில், அங்கிருந்து ஆகாய கங்கை. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது சிரிப்பு, ஏறும்போது பேச்சே இருக்காது. எங்களில் ஐந்து பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டோம். தம்பதி முழுவதும் இறங்கி, குளித்து, ஏறி வந்தார்கள். சாப்பிடும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தம்பியின் தொடை நடுங்குவதைப் பார்த்து எல்லோரும் கேலி செய்தோம்.

கிளம்பும்போது ஒருவர் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கலாமே என்றார். அந்தச் சாலையில் வளைவுகள் குறைவு. ஆனால் எங்களுக்குச் சுற்று. அதைவிடப் பெரிய காரணம், எழுபது வளைவும் ஏறி எழுபதும் இறங்கினால்தான் கணக்கு என்று ஆர்15 பையன் சொன்னதும் எல்லோரும் ஆமோதித்தது. கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குள் அடிவாரம் சேரவேண்டும் என்று லீட் அண்ணன், அதாவது வரிசையை முன்னின்று நடத்துபவர், சொன்னார். அவர் புல்லட் முன்னால், பிறகு வேகமான வண்டிகள், பிறகு ஸ்ப்ளெண்டர், அதன்பின் ஸ்கூட்டர், கடைசியில் நான். மெதுவான வண்டி பின்னால் வந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பது அப்போதைய எங்கள் அறிவு.

இனி நேரங்கள். மலைமேல் உள்ள சோளக்காட்டிலிருந்து 4:05க்குப் புறப்பட்டோம். முதல் நிறுத்தத்துக்கு லீட் வந்தது 4:14, ஸ்கூட்டரும் நானும் வந்தது 4:20, எல்லோரும் கிளம்பியது 4:21. இரண்டாம் நிறுத்தம்: லீட் 4:33, ஸ்கூட்டர் 4:42, கிளம்பியது 4:44. விழுந்தது 4:55.

இந்த எண்களை முதல் தடவை எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாம் தடவைதான் ஓய்வைக் கூட்டிப் பார்த்தேன். முன்னால் போன புல்லட்டுக்கு முதல் நிறுத்தத்தில் 7 நிமிடம், இரண்டாவதில் 11, ஆக 18 நிமிடம். ஸ்கூட்டருக்கு 1, 2, ஆக 3 நிமிடம். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்கிறோம். எல்லாக் குழுக்களிலும் இதுதான் வழக்கம். சூடு ஏறாத பிரேக் உள்ளவன் தண்ணீர் குடித்து, படம் எடுத்து, காலை நீட்டி நிற்கிறான். பிரேக் கொதிக்க வந்து சேர்ந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றுவதில்லை. நாங்கள் எல்லோரும் அன்பானவர்கள்தான். அவருக்காகக் காத்திருந்தோம் என்றுதான் நினைத்தோம். உண்மையில் அவர் வரும்வரை நாங்கள் ஓய்வெடுத்தோம், அவர் வந்ததும் ஓய்வை முடித்துக்கொண்டோம்.

மூன்றாம் கட்டத்தில் தம்பி வேகத்தைக் கூட்டினார். என் கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. முதல் இரண்டு கட்டங்களில் வளைவுக்கு வளைவு என் முன்னால் ஊர்ந்த வண்டி, இப்போது அடுத்த வளைவில் மறையப் பார்க்கிறது. ஏன் என்று பிறகு கேட்டேன். "எட்டுப் பேரு நம்மளையே பாத்துட்டு நிக்கறாங்கண்ணா, ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். பிரேக் லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதை இரண்டாம் நிறுத்தத்திலேயே கவனித்திருக்கிறார். சொன்னால் தன்னால் எல்லோருக்கும் இருட்டிவிடும் என்று சொல்லவில்லை. அந்த நிறுத்தத்தில் எனக்கும் கருகல் வாடை வந்தது. சற்றுமுன் எங்களைக் கடந்து ஏறிய லாரியின் கிளட்ச் வாடை என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து மூக்கை நீட்டியிருந்தால் ஐந்து நொடியில் தெரிந்திருக்கும்.

விழுந்தது இப்படி. இறங்குபவருக்கு வலப்பக்கம் திரும்பும் வளைவு. கீழிருந்து பேருந்து ஒன்று ஏறி வந்தது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். இறங்குபவரின் வலத்திருப்பம், ஏறும் பேருந்துக்கு இடத்திருப்பம், அதாவது உட்பக்கத்து ஒடுக்கமான திருப்பம். அவ்வளவு நீள வண்டி அந்த ஒடுக்கத்தில் திரும்பாது. ஓட்டுநர் மூக்கை வெளிப்பக்கம் கொண்டுவந்து வீசித்தான் திருப்பவேண்டும். அந்த வெளிப்பக்கம் இறங்குபவரின் பாதை. ஆகவே மலையில் இறங்கும்போது வலத்திருப்பம் ஒவ்வொன்றிலும் எதிரே ஒரு பேருந்து முழுச் சாலையையும் நிரப்பிக்கொண்டு நிற்கிறது என்று எண்ணித்தான் போகவேண்டும். அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர் நின்று வழிவிடவேண்டும் என்பது சாலை விதியும்கூட.

தம்பி நிற்கத்தான் பார்த்தார். ஹாரன் கேட்டது, வளைவுக்கு முன்பே லீவரைப் பிடித்தார். லீவர் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. பேருந்தின் முகப்புக்கும் இடப்பக்க மலைச்சுவருக்கும் நடுவில் இருந்த வடிகாலை நோக்கி வண்டியைத் திருப்பினார். முன்சக்கரம் வடிகாலில் இறங்கியது, இருவரும் இடப்பக்கம் விழுந்தார்கள். பேருந்து அதற்குள் நின்றுவிட்டது. இடைவெளி ஒரு ஆள் படுக்கும் நீளம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அடுக்கடுக்காய் மடிந்து இறங்கும் சாலையில் வலத்திருப்பத்துக்கு முன் மலைச்சுவர் இடக்கையிலும் பள்ளம் வலக்கையிலும் இருக்கும். இடத்திருப்பத்துக்கு முன் நேர்மாறு. அதே பிரேக் ஒரு வளைவு முன்னாலோ பின்னாலோ கைவிட்டிருந்தால், தம்பி ஒதுங்கிய இடப்பக்கத்தில் வடிகாலுக்குப் பதிலாகக் கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் மரஉச்சிகளும் இருந்திருக்கும். இந்த நிகழ்வை ஆய்வு என்று உட்கார்ந்து எழுத முடிவதற்குக் காரணம் அந்த ஒற்றைப்படை இரட்டைப்படைதான்.

தம்பிக்கு இடது மணிக்கட்டு முறிவு. அவர் மனைவிக்கு முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு. மனைவியின் ஹெல்மெட்டின் இடப்பக்கம் கல்லில் உரசிய கோடு ஒரு விரல் ஆழம். பின்னால் உட்காருபவருக்கு எதற்கு என்று அன்று காலை கிளம்பும்போது ஒருவர் சொல்லியிருந்தார். அவர் யாரென்று எழுத ஆசைதான், வேண்டாம்.

நடத்துநர் இறங்கி ஓடிவந்து முதலில் பேருந்தின் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகுதான் எங்களிடம் வந்தார். அந்த வரிசையை நான் மறக்கமாட்டேன். நாங்களோ அதற்குள் ஒரு தவறு செய்துவிட்டோம். புகை வருகிறதே என்று ஒருவர் பாட்டில் தண்ணீரைப் பின்சக்கர பிரேக் டிரம் மேல் ஊற்றினார். அவ்வளவு சூட்டில் திடீரென்று குளிர்ந்தால் உலோகம் கோணிப்போகும், விரிசல்கூட விழலாம். அதை அப்படியே விட்டு காற்றில் ஆறவிடுவதுதான் சரி. மடித்த செய்தித்தாளைத் தம்பியின் மணிக்கட்டுக்கு அணைவைத்துத் துப்பட்டாவால் கட்டி, இறங்கி வந்த ஒரு பிக்கப்பில் இருவரையும் ஏற்றி நாமக்கல்லுக்கு அனுப்பினோம். பேருந்து ஓட்டுநர் கிளம்பும் முன் ஸ்கூட்டரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கியர் வண்டின்னா இன்ஜின் புடிச்சுக்குமுங்க. இதுல பிரேக்கே கதின்னு எறங்கோணும். ஆற வுட்டு ஆற வுட்டு வந்திருக்கோணுமுங்க." நான் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாமே அந்த மூன்று வாக்கியங்களில் இருந்ததுதான்.

ஆனாலும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. இருவரும் வண்டியும் பையும் சேர்த்து 250 கிலோ, இறங்கும் உயரம் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வழியில் கரைக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடும். கியர் வண்டியில் இரண்டாம் கியரில் இறங்கினால் மீதியில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் பெல்ட்டும், வேகத்துக்கேற்ப விரியும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்சும்தான். சக்கரம் சுற்றும் வேகம் ஓரளவுக்குக் கீழே வந்ததும் அந்தக் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும். அதாவது கொண்டை ஊசி வளைவில் எங்கே இன்ஜின் பிடி மிகவும் தேவையோ, அங்கே வண்டி நியூட்ரலில் உருளுவது மாதிரி உருளும். பழகியவர்கள் வளைவுக்கு முன் ஆக்சிலேட்டரை இலேசாகத் தொட்டு கிளட்சைப் பிடிக்கவைத்து, அந்தப் பிடியோடு இறங்குவார்கள். தம்பி ஊருக்குள் ஓட்டுவதுபோல ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, இடது லீவரை அழுத்தியபடியே வந்தார்.

இடது லீவர் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையான புது வண்டிகளில் கூட்டு பிரேக் கட்டாயமாக்கப்பட்டது; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் பிடிக்கும். சமதளத்தில் அருமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் ஒரே லீவரைப் பிடித்துக்கொண்டே வந்தால் இரண்டு டிரம்மும் சேர்ந்தே சூடேறும். அவசரத்துக்கு என்று ஆறிய பிரேக் ஒன்றும் கையிருப்பில் இருக்காது. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவைவிட்டு விலகும், அதனால்தான் லீவர் உள்ளே போகிறது. ஷூவின் மேற்பரப்பும் கருகி வழுக்கத் தொடங்கும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் தப்பித்திருப்பார் என்று டியூக் ஓட்டிவந்தவர் சொன்னார். பாதி சரி. டிஸ்க் சீக்கிரம் ஆறும். ஆனால் அதன் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; எண்ணெய் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. டாட் 4 வகை புதிதாக 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கவேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மூன்று வருடம் எண்ணெய் மாற்றாத டிஸ்க் வண்டி எங்கள் வரிசையிலேயே இரண்டு இருந்தது. அது வேறு கட்டுரை.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. நம் நாட்டு மலைச்சாலை வடிவமைப்பு வழிகாட்டி, கொண்டை ஊசி வளைவின் உள்வட்டத்துக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரமும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமும் சொல்கிறது. அந்த ஆரத்தில் 20இல் திரும்ப வண்டியைச் சுமார் 13 டிகிரி சாய்த்தால் போதும். 30 என்றால் 27 டிகிரி சாயவேண்டும். பத்து கிலோமீட்டர்தானே கூட்டினோம் என்று கைக்குத் தோன்றும், சாய்வோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மூன்றாம் கட்டத்தில் தம்பி கூட்டியது அந்தப் பத்துதான். களைத்த தொடை, பின்னால் ஆள், ஈரச் சாலை, இவற்றோடு ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் கூடுதலாகப் பிரேக்.

ஸ்ப்ளெண்டர்காரர் பற்றியும் ஒரு வரி. பெட்ரோல் மிச்சம் என்று அவர் பாதி இறக்கத்தை நியூட்ரலில் வந்திருக்கிறார். இது நம்மூரில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரோடு ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் தனியாள், எடை குறைவு.

அடுத்த வாரம் மெக்கானிக் ஷூக்களைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தன. "தேயவே இல்லீங்களே, புதுசு மாதிரிதான் இருக்கு" என்றார் எங்களில் ஒருவர். தேய்ந்திருந்தால்தான் பரவாயில்லை, வெந்துபோனது தேயாது, பிடிக்கவும் பிடிக்காது என்றார் மெக்கானிக். பயணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் வண்டி சர்வீஸ் செய்யப்பட்டிருந்தது. ஆகவே பராமரிப்புக் குறை என்றும் யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் மூன்று மாற்றம் வந்தது. மெதுவான வண்டி லீட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வரும். லீட் கண்ணாடியில் பார்த்து அதன் வேகத்துக்கு ஓட்டுவார். பின்னால் விட்டால் முன்வண்டிகளின் சின்னச் சின்ன வேக வித்தியாசமெல்லாம் சேர்ந்து, வாலில் இருப்பவர்தான் எப்போதும் துரத்தவேண்டி வரும். அதை அன்று என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது, நிறுத்தத்தின் நேரம் கடைசி வண்டி வந்து நின்றபின்தான் தொடங்கும். அதிலிருந்து பத்து நிமிடம். "போலாமா" என்று கேட்கும் உரிமை கடைசியாக வந்தவருக்கு மட்டுமே. மூன்றாவது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்வீப் எல்லாச் சக்கரத்தின் பக்கத்திலும் ஒருதரம் குனிந்து மோந்து பார்க்கவேண்டும். டிரம்மைத் தொடக்கூடாது, தோல் உரிந்துவிடும். பெண்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

லீட் அண்ணனுக்கு முதல் மாற்றத்தில் இன்னும் உடன்பாடில்லை. ஸ்கூட்டரை மலைக்கு அழைத்து வந்ததே தப்பு, வரிசையை மாற்றி என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. அந்தக் கொல்லிமலைச் சாலையில் தினமும் உள்ளூர்க்காரர்கள் ஸ்கூட்டரில் மிளகும் அன்னாசியும் கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே என்று நான் கேட்டேன். அவர்கள் யாரையும் துரத்திக்கொண்டு இறங்குவதில்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, அது என் பக்கத்து வாதமாகப் போய்விட்டதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

கட்டுப் பிரித்து, கை முழுதாகப் பழகியபின் தம்பி மறுபடி வந்தார். இந்தமுறை வால்பாறை, நாற்பது வளைவு. கியர் வண்டிதான், மனைவியும் உடன் வந்தார். ஆழியாறு பக்கம் இறங்கும்போது இரண்டாவது இடம் அவருக்கு. ஒன்பதாம் வளைவின் காட்சிமுனையில் நிறுத்தியபோது கடைசியாக வந்து சேர்ந்தது ஸ்ப்ளெண்டர். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, அணைநீரைப் பார்த்தபடி சாவகாசமாக ஒரு கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். பத்து நிமிடம் தாண்டி, பதினைந்தாயிற்று. ஆர்15 பையன் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடலை தீர்ந்ததும் ஸ்ப்ளெண்டர்காரர் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போலாமா?"